காயமில்லாத தலை

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுவாள். ஒருநாள் பின்னேரம் அவள் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபோது பக்கத்து வளவில் ஆமி அடித்த செல் விழுந்து வெடித்தது. அந்த அதிர்வில் தூக்கியெறியப்பட்டு, கிணற்றுக்கட்டில் தலை அடிபட விழுந்தாள். ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே செத்துப்போனார். அதனால் ஊர் அவளை அதிர்ஷ்டக்காரி என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு கிழமையில் பள்ளிக்கு வந்தாள். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கியபடி இருப்பாள். எழுதமாட்டாள். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் லேசான கணக்கொன்றைக் கேட்டேன். எழும்பி நின்று கரும்பலகையையே பார்த்தாள்.

"இவ்வளவு நாளும் வீட்டில என்ன செய்த நீ?"

பாடம் முடியும்வரை நிற்கச் சொன்னேன். யன்னல் வெயில் நேரே முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு, ஓங்காளித்துச் சத்தியெடுத்தாள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் தாய் ஒரு கடதாசித் துண்டுடன் வந்தா.

"விழுந்த அண்டைக்கு ஆசுபத்திரியில தந்தது, டீச்சர். இங்கிலீசில கிடக்கு. எங்களுக்கு வாசிக்கத் தெரியா."

நாலே வரிகள். மூளை அதிர்ந்திருக்கிறது, ஓய்வு வேண்டும். வாசிப்பு, வெளிச்சம், சத்தம் குறைக்க வேண்டும். பள்ளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்ப வேண்டும்.

"இதை ஏன் முதலே காட்டல்ல?"

"காயமொண்டும் இல்லையே, டீச்சர்."

அவவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதிபரிடம் போனேன். "ஒரு பிள்ளைக்கு அரைநாள் விட்டா எல்லாரும் கேப்பாங்க" என்றார். கேட்டால் நான் பதில் சொல்கிறேன் என்றேன். முதலில் காலையில் இரண்டு பாடம் மட்டும். யன்னலுக்கு எட்டத்தில், நிழல் மூலையில் அவளை இருத்தினேன். அவளுடைய சிநேகிதி நோட்ஸை இரண்டு பேரின் கொப்பியிலும் எழுதினாள். தலையிடி வந்தால் யாரிடமும் கேட்காமல் எழும்பி வெளியே போகலாம். மணிக்காகத் தொங்கிய தண்டவாளத் துண்டு எங்கள் வகுப்பின் வாசலில்தான் இருந்தது. காவலாளியைக் கெஞ்சி அதைக் கட்டிடத்தின் மற்றத் தொங்கலுக்கு மாற்றுவித்தேன்.

இரண்டு மாதத்தில் நாலு பாடம்வரை இருந்தாள். ஒருநாள் நான் விட்ட பிழையைக் காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நம்பிவிட்டேன். தவணைப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இனி முழுநாளும் இரி, மகள்."

"ஓம், டீச்சர்."

இல்லை என்று சொல்கிற பிள்ளையல்ல அவள். அது எனக்குத் தெரியும்.

அடுத்த கிழமை, கடைசிப் பாடத்தில், வாவிக்கு மேலே ஹெலிகொப்டர் சுட்டுக்கொண்டு வந்தது. பிள்ளைகள் வாங்குகளின் கீழே புகுந்தார்கள். அவள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு அசையாமல் நின்றாள். நான்தான் இழுத்து இருத்தினேன். சத்தம் ஓய்ந்ததும் பிள்ளைகளை அனுப்பினோம். பொழுதுபடும் நேரத்தில் தாய் அவளைத் தோணித்துறையில் கண்டெடுத்தா. வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் அங்கேயே இருந்திருக்கிறாள். அவளோடு கூட ஒரு பிள்ளையை அனுப்ப எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருடம் பிறகு அவள் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சையை ஒரு வருடம் பிந்தி எழுதினாள். பெறுபேறு வந்த அன்று வினாத்தாளையும் கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"கணக்கு பெயிலாப் போயிட்டு, டீச்சர். முதல் கணக்கை மட்டும் செய்து பாப்பமா?"

அரை மணித்தியாலம் எடுத்தது. நான் வாய் திறக்கவில்லை. விடை சரி. நெற்றியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, "மத்ததுக்கு நாளைக்கு வாறன்" என்றாள்.

மறுநாள் ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு. அந்தக் கிழமையே குடும்பம் வடக்கே கதிரவெளியில் சொந்தக்காரரிடம் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் அவளைக் காணவில்லை.