கேள்விக்குறி போட்ட வட்டம்

அந்த வட்டத்துக்குள் கேள்விக்குறியைப் போட்டது நான்தான். வேறு யார் தலையிலும் பழியைக் கட்ட எனக்கு விருப்பமில்லை.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கும் வேலை எனக்கு. பரம்பரை நோய்களை ஆராயும் டொக்டர்மார் சிலர் கொழும்பில் ஒன்றுசேர்ந்து, நாடு முழுக்க இருந்து இரத்த மாதிரிகளையும் குடும்ப வரைபடங்களையும் ஒரே இடத்தில் சேர்த்தார்கள். யாருக்குத் தேவையோ அவர் எடுத்து ஆராயலாம். வருஷத்துக்கொருமுறை கூடிக் கதைப்பார்கள். சண்டையால் மூடிக்கிடந்த பாதைக்கு இந்தப் பக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஆள் நான். அந்தப் பெருமையில் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

எங்கள் கரையில் ஒரு மீன்பிடிக் குடும்பம். ஆண்பிள்ளைகளுக்கு இரத்தம் உறையாது. மூத்தவன் பல்லுப் பிடுங்கப் போய், மூன்று நாள் வாயால் இரத்தம் வழிந்து செத்தான். இளையவன் முழங்கால் வீங்கிப் பாயில் கிடந்தான். நடுவில் ஒரு பெண். பெண்களில் இந்த நோய் வெளியே தெரியாது. ஆனால் தாயிடமிருந்து வாங்கித் தன் பிள்ளைக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். தாயும் மகளும் இரத்தம் தந்தார்கள். ஐஸ் போட்டு, சூடு ஏறாத ரெஜிபோம் பெட்டியில் வவுனியா தாண்டி அனுப்பினேன்.

"முடிவு வந்தா எனக்குச் சொல்லுவியளோ அக்கா?" என்று மகள் கேட்டாள். அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

"இதென்ன கதை? வந்த உடன முதல் உனக்குத்தான்" என்றேன்.

அடுத்த வருஷக் கூட்டத்துக்குப் போக, பாதையைக் கடக்கும் பாஸ் எனக்குக் கிடைக்கவில்லை. முடிவும் வரவில்லை. வரைபடத்தைச் சரிபார்த்து அனுப்பச் சொல்லி மட்டும் ஒரு துண்டுக் கடிதம் வந்தது.

எங்கள் ஊரில் வம்சம் விசாரிப்பதென்றால் ஒருவரை வைத்துக் கேட்டுப் பயனில்லை. சொந்தம் முழுவதும் ஒன்றாக இருந்தால்தான் ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் எல்லாரையும் இருத்தி, பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கீறியதைச் சுவரில் ஒட்டினேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயாளிக்குக் கறுப்பு, முடிவு தெரியாத மகளுக்குக் கேள்விக்குறி. பகிடியும் சிரிப்புமாகத்தான் போனது. "என்னை ஏன் இவ்வளவு சின்னனாக் கீறினனீ?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

மாப்பிள்ளையின் தாய் அந்தக் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம். அவவும் வந்திருந்தா. "பிள்ளை, உந்த வட்டத்துக்குள்ள என்ன கேள்விக்குறி?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தெரிந்ததைக் காட்டும் ஆசை யாரை விட்டது? "அவளுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி" என்றேன். அந்த மகள் கடைசி வாங்குப் பலகையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கலியாண அறிவித்தலைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும், மறைப்பது பாவம். இரண்டாம் ஞாயிறு வாசித்து முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய் எழும்பினா. "சுவாமி, தடை இருக்கு. ஆஸ்பத்திரிப் பிள்ளை படம் கீறிக் காட்டினவா."

நோயெல்லாம் தடையில்லை என்று சுவாமியார் எவ்வளவோ சொன்னார். ஆர் கேட்டது? பொல்லாத மனுசி என்று அவவைத் திட்டித் திரிந்தேன். அவவின் கையில் கத்தியைக் கொடுத்ததே நான்தான். மூன்றாம் ஞாயிறு வாசிப்பு நடக்கவில்லை. மாப்பிள்ளை அந்த வருஷமே வேறிடத்தில் கட்டினான்.

அடுத்த கூட்டத்துக்குப் பாஸ் கிடைத்தது. குளிரூட்டிய மண்டபம், பிஸ்கட், கோப்பி. திரையில் எங்கள் கரைக் குடும்பத்தின் வரைபடம் விழுந்தது. அவளுடைய வட்டம் வெள்ளையாக இருந்தது. எழும்பி, இந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை இல்லையா என்று கேட்டேன்.

"இல்லவே இல்லை" என்றார் ஒரு டொக்டர், சந்தோசமாக. "போன வருஷக் கூட்டத்திலேயே காட்டினமே. புத்தகத்திலயும் போட்டிருக்கு."

அதாவது, நான் கலண்டர் தாளைச் சுவரில் ஒட்டிய அன்றைக்கு, கொழும்பில் ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு அது தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. சண்டாளர்! நானும் அவர்களில் ஒருத்தி. இடைவேளையில் அதே டொக்டர் வந்து, அவளிடம் இன்னொரு குழாய் இரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார். வேறொருவரின் ஆராய்ச்சிக்கும் உதவுமாம்.

நான் போனபோது அவள் தம்பியின் முழங்காலுக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தாள். கொழும்பில் வாங்கி வந்த முடிவுத் தாளை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். சந்தோசப்படுவாள், இல்லையென்றால் என் கன்னத்தைப் பொத்தி அறைவாள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"அண்ணா செத்த மாதிரிச் சாக ஒரு பிள்ளையைப் பெறாமல் விட்டன் எண்டுதான் அக்கா இவ்வளவு நாளும் மனதைத் தேத்தி வச்சிருந்தனான்" என்றாள். "அதையும் பறிக்கவோ வந்தனீங்கள்?"

என் பைக்குள்ளிருந்து கையில் கட்டும் இரப்பர்ப் பட்டி வெளியே எட்டிப் பார்த்ததை அவள் கண்டுவிட்டாள். "திரும்பவும் எடுக்கச் சொன்னவையோ?"

ஓம் என்றேன். தம்பியின் காலை மெல்ல இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கலாம். வரவில்லை, எடுத்தேன். நரம்பு பிடிபடாமல் அவளுக்கு இரண்டு தரம் குத்த வேண்டியிருந்தது.