ஏழு பேர் நின்ற வரிசை

வலியசாலை அக்கிரகாரத்தில் சுப்புலக்ஷ்மிக்குக் கணக்கு டீச்சர் என்றுதான் பெயர். கல்யாணம் என்றால் என்னவென்று தெரியும் முன்பே புருஷனைப் பறிகொடுத்தவள். அப்பா பிடிவாதமாகப் படிக்க வைத்ததில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அப்பாவும் போன பிறகு ஒண்டிக்கட்டை. தெருவில் மரியாதைக்குக் குறைச்சலில்லை. வா, உட்கார், ஒரு வாய் சாப்பிடு என்று சொல்லத்தான் நாதியில்லை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றேழில் எதிர் வீட்டுக்கு வாலாம்பாள் குடிவந்தாள். திருநெல்வேலிப் பெண். ஒரு நாள் கோவிலில் அர்ச்சகர் நட்சத்திரம் கேட்க, சுப்புலக்ஷ்மி "அனுஷம்" என்றாள். பின்னால் நின்ற வாலாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேக்கும் அனுஷம்தான் அக்கா. ஊர் தெரியாம வந்தவளுக்குப் பகவான் ஒரு கூடப்பிறந்தவளைக் காட்டியிருக்கார் பாருங்கோ. இனிமே அனுஷத்துக்கு அனுஷம் எங்காத்துலதான் உங்களுக்குச் சாப்பாடு."

அக்கா! அவளை யார் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள்? சரி என்று தலையாட்டியிருக்கலாம். சந்தோஷம் வந்தால் மற்றவர்களுக்குப் பாட்டு வரும். இவளுக்குக் கணக்கு வந்து தொலைத்தது.

"இதுல அதிசயம் ஒண்ணும் இல்லை, வாலாம்பா. நட்சத்திரம் இருபத்தேழு இருக்கே, ரெண்டு பேருக்கு ஒண்ணாகணும்னா பெரிய கூட்டம் வேணும்னு தோணும். வேண்டாம். ஒவ்வொருத்தரையும் மத்தவாளோட ஜோடி சேர்த்துப் பாரு, ஏழு பேர்ல இருபத்தோரு ஜோடி வரும். அதுல ஏதாவது ஒண்ணு ஒத்துப்போறதுக்குத்தான் சான்ஸ் ஜாஸ்தி. இங்கே ஏழு பேர் நிக்கறோம். நீயும் நானும் இல்லேன்னா வேற யாராவது."

வாலாம்பாள் கையை விட்டாள். சுப்புலக்ஷ்மி அதைக் கவனிக்கவே இல்லை.

மறுநாள் அதே உற்சாகத்தோடு வகுப்பில் ஏழு பெண்களை எழுப்பி நட்சத்திரம் கேட்டாள். இரண்டு பேருக்கு ரோகிணி. ஜோடிக் கணக்கைப் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால், அதுவரை முகம் பார்த்துப் பேசியிராத அந்த இருவரும் இடம் மாறி ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு ஒன்றும் அவர்கள் காதில் ஏறவில்லை. முந்தின நாள் தன் கையை விட்ட கை அப்போதுதான் சுப்புலக்ஷ்மிக்கு உறைத்தது.

அடுத்த அனுஷத்தன்று குளித்துவிட்டு அடுப்பு மூட்டாமல் காத்திருந்தாள். எதிர் வீட்டில் பாயசம் மணத்தது. உச்சி தாண்டியும் யாரும் கூப்பிடவில்லை. வெட்கத்தை விட்டுப் போய் நின்றாள்.

"வாலாம்பா, அன்னிக்கு நான் சொன்னது..."

"நீங்க சொன்னதுல தப்பே இல்லை, டீச்சர்" என்றாள் வாலாம்பாள், மரியாதையாக. "கோடியாத்து விஜயலக்ஷ்மிக்கும் அனுஷமாம். உள்ளே சாப்பிட்டுண்டிருக்கா. இருங்கோ, உங்களுக்குக் கொஞ்சம் பாயசம் தரேன், ஆத்துக்கு எடுத்துண்டு போங்கோ."

பாயசம் நன்றாகத்தான் இருந்தது. சுப்புலக்ஷ்மி அதை அடுக்களையில் நின்றபடியே குடித்து முடித்தாள்.