துரையின் இரண்டு காற்றுத் துப்பாக்கிகள்

ஏழெட்டு வருஷத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் லீவில், மார்த்தாண்டத்திலிருந்து சிதறால் போகும் வழியில் இருக்கும் என் அக்கா வீட்டில் நடந்தது இது. அப்பா காலமானதும் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அங்கேதான் இருந்தேன். அத்தான் பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. எனக்குச் சோறும் வேட்டியும் அவர் கொடுத்தவைதான். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் நான் செய்ததன் கேவலம் உங்களுக்குப் புரியாது.

அந்த லீவுக்கு அத்தான் இரண்டு காற்றுத் துப்பாக்கிகளோடு வந்தார். இரண்டும் தோட்டத்துத் துரையுடையவை. அவர் சீமைக்குத் திரும்புகிற நேரம். வீட்டில் வைத்துச் சுட்டுப் பார், பிடித்த ஒன்றை நீ வாங்கிக்கொள், மற்றதைத் திருப்பிக் கொண்டுவா என்று நம்பிக் கொடுத்தனுப்பியிருந்தார். இரண்டுமே உயர்ந்த சாமான்கள். கட்டைகள் எண்ணெய் தேய்த்த ஈட்டி மரம்போல மினுங்கின. ஒன்றில் குழலுக்கு அடியில் ஒரு நெம்புகோல் உண்டு. அதைக் கீழே இழுத்தால் காற்று அடைபடும். ஆனால் நல்ல கனம். மற்றதில் குழலையே நடுவில் மடக்கி நிமிர்த்த வேண்டும். அது லேசு.

வீட்டுக்குப் பின்னால் பிலாமரத்தில் ஒரு சிரட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, மாறி மாறிச் சுட்டுப் பார்த்தோம். கனமானதில் ஈயக் குண்டு குறி வைத்த இடத்திலேயே போய்ப் பட்டது. லேசானதில் குழல் மடங்கி மடங்கி நிமிர்வதாலோ என்னவோ, சற்று விலகிப் போயிற்று. அத்தானுக்குக் கனமானதுதான் பிடித்திருந்தது. தடவித் தடவிப் பார்த்தார்.

எனக்கோ ஒவ்வொரு சத்தத்துக்கும் பயம். கோழியைக் கூடையிட்டு மூடினேன். அடுத்த வீட்டுப் பசுவை அவிழ்த்து அப்பால் கட்டச் சொன்னேன். அதோடு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும் என்று சந்தையில் ஒருவர் சொன்னதும் மனதில் குடைந்துகொண்டிருந்தது. சட்டம் இன்னதென்று படித்துத் தெரிந்துகொள்ள எனக்குப் படிப்பு ஏது? அத்தானிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"லேய் மக்கா, காத்தடைச்சு விடுத சாதனத்துக்கா இந்தப் பேடியும் பயமும்? அப்போ சைக்கிளுக்குக் காத்தடிக்கவனையும் பிடிச்சு ஜெயில்ல போடுவினுமா?"

மத்தியானம் அவர் கனமானதைத் துடைத்து வைக்க உள்ளே எடுத்துப் போனார். லேசானதோடு நான் கிணற்றடியில் நின்றேன். அப்போது பின்பக்கத்து மண்சுவருக்கு மேலே காக்கி உடுப்பு தெரிந்தது. ஒரு போலீஸ்காரர் எங்கள் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். என் கை என்னைக் கேட்கவில்லை. துப்பாக்கியைக் கிணற்றில் போட்டுவிட்டேன்.

இங்கே துப்பாக்கி இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று அவர் ஆரம்பித்தார். முடிக்க நான் விடவில்லை.

"அது அத்தானுக்க சாதனமாக்கும் ஏமானே. நான் தொட்டதே இல்ல. அவரு உள்ளதான் இருக்காரு, பிடிச்சுக்கிடுங்க."

அடுக்களை வாசலில் அகப்பையோடு அக்கா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் அத்தான். இருவரும் கேட்டுவிட்டார்கள்.

போலீஸ்காரர் ஒன்றும் புரியாமல் விழித்தார். பிறகு, கூச்சத்தோடு அத்தானைப் பார்த்துச் சொன்னார்: "பிடிக்க வரேல்ல. இத்தன வருஷத்துல சர்க்கார் எனக்குக் கம்பு மட்டுந்தான் தந்திருக்கு. ஒரு வெடி சுட்டுப் பாக்கலாமான்னு கேக்க வந்தேன்."

நான் நின்ற இடத்திலேயே செத்துப்போனேன். அத்தான் என் வெறுங்கையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். பிறகு போலீஸ்காரரிடம், "ஒண்ணு எனக்க கையில இருந்து வழுக்கிக் கிணத்துல விழுந்துபோச்சு. எடுக்க ஒரு கை தாரும்," என்றார்.

பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினோம், அகப்படவில்லை. மழை கழிந்து கிணற்றில் நிறையத் தண்ணீர் இருந்தது. அத்தானே கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி முங்கினார். மேலே கயிற்றைப் பிடித்தவர்கள் அந்தப் போலீஸ்காரரும் நானும். இரண்டு தடவை முங்கி, துப்பாக்கியோடு மேலே வந்த அத்தானுக்குக் குளிரில் பல் கிட்டியது. துவட்டிக்கொண்டதும் கனமான துப்பாக்கியை எடுத்துக் குண்டு போட்டுப் போலீஸ்காரர் கையில் கொடுத்தார். அவர் சுட்டது சிரட்டையில் படவில்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் போனார்.

ராத்திரி சோறு போடும்போது அக்கா கேட்டாள்: "பிடிச்சுக்கிடுங்கன்னு சொல்ல உனக்கு எப்பிடிடே வாய் வந்துது?" அத்தான் அவளை அதட்டி அடக்கினார்.

நனைந்த துப்பாக்கியின் கட்டை காயக் காய வெடித்தது. அதைத் துரையிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஆசைப்பட்ட கனமானதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெடித்ததை அத்தான் தனக்கென்று வாங்கிக்கொண்டார். துரையிடமும் தன் கையிலிருந்து விழுந்ததாகவே சொன்னார் என்று அக்கா சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகு கப்பலேறும்வரை துரை அவரிடம் எதையும் நம்பிக் கொடுக்கவில்லையாம்.

அத்தான் இன்றுவரை இதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்க நானும் பலமுறை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். பயம் என்னை இன்றும் விட்டபாடில்லை; ஆனால் நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் என் விரல் யார் பக்கம் நீளுகிறது என்பதை இப்போது நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.