நான்காம் அதிகாரத்தின் முதல் வசனம்

இலங்கையின் ரிவர்ஸ்டன் மலைச்சரிவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துத் தேவாலயத்தில் மாசிலாமணி ஒன்பது வருடம் வேதம் வாசித்து ஜெபம் நடத்தும் உபதேசியாராக இருந்தார். ஆலயம் தோட்டத்துக்குச் சொந்தம். அவர் குடியிருந்த பலகைத் தரை வீடும் அப்படியே. மனைவி எஸ்தருக்கு இழுப்பு நோய். பனி இறங்கும் மாதங்களில் தோட்டத்து மருந்துதான் அவளைக் காப்பாற்றியது. தோட்டத் தமிழர் பலரையும் போல இருவருக்கும் இலங்கைக் குடியுரிமை இல்லை. அந்த வீட்டை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. அது தோட்டத்தை நிர்வகித்த துரைக்கும் தெரியும்.

1959இல் கிருஷ்ணம்மா என்ற பெண்ணைத் தோட்டத்தை விட்டு நீக்கினார்கள். எட்டு மாதக் கர்ப்பிணியான அவள், கொட்டும் மழையில் மேல்மலைக்குக் கொழுந்து பறிக்க ஏற மறுத்துவிட்டாள். அவளை நீக்கியதைக் கேட்டுத் தோட்டமே வேலைக்குப் போகாமல் நின்றது. ஐந்தாம் நாள் பெரிய கணக்கப்பிள்ளை சண்முகராஜா உபதேசியார் வீட்டுக்கு வந்தார்.

“வேலைக்காரங்க எஜமானுக்குக் கீழ்ப்படியணும்னு பைபிள்ல கொலோசெயர் மூணாம் அதிகாரத்துல வருதாமே. ஞாயித்துக்கிழமை அதை வாசிங்க. அதிகாரம் முடிஞ்சதும் நிறுத்திருங்க. துரை சொன்னாரு.”

“வாசிக்கலேன்னா?”

“எஸ்தரம்மாவுக்கு இப்ப உடம்பு எப்பிடிங்க?” என்று கேட்டார் கணக்கப்பிள்ளை.

மாசிலாமணி வாசித்தார். திங்கட்கிழமை கிறிஸ்தவக் குடும்பங்கள் வேலைக்கு இறங்கின. புதன்கிழமைக்குள் மற்றவர்களும் இறங்கிவிட்டார்கள். தொழிலாளர் லயத்தில் தன் காம்பிரா அறையைக் காலிசெய்து மூட்டையோடு புறப்பட்ட கிருஷ்ணம்மா, போகிற வழியில் அவர் வாசலில் நின்றாள்.

“உங்க வேதத்துல வேலைக்காரங்களுக்கு மட்டுந்தான் சொல்லியிருக்குங்களா, ஐயா? துரைமாருக்கு ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லியிருக்கும்மா.”

“அப்ப அதை ஏன் வாசிக்கல?”

அவள் கோபப்படவில்லை. மூட்டையை இடுப்பில் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனாள்.

சனிக்கிழமை எஸ்தர்தான் பேச்சைத் தொடங்கினாள். “நாலு நாளா நீங்க சரியா சாப்பிடல. அந்த விட்ட வசனத்தை வாசிக்கணும்னா வாசிச்சிருங்க.”

“வீடு போயிருமே, எஸ்தர்.”

“தெரியுங்க,” என்றாள். மேலே பேச அவளுக்கு மூச்சு போதவில்லை.

மறுநாள் அவர் நான்காம் அதிகாரத்தின் முதல் வசனத்தை வாசித்தார். எஜமான்கள் வேலைக்காரரை நீதியோடு நடத்த வேண்டும், அவர்களுக்கும் பரலோகத்தில் ஓர் எஜமான் இருக்கிறார் என்பது அது. “போன வாரம் இதை நான் பயத்துல விட்டுட்டேன். என்னை மன்னிச்சிருங்க,” என்றார். கடைசி வரிசையில் இருந்த கணக்கப்பிள்ளை எழுந்து வெளியே போனார்.

பத்து நாளில் வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். தோட்டத்துக்குள் கால் வைக்கவும் தடை. பக்கத்து ஊரான ரத்தோட்டையில் மர்சூக் என்ற வியாபாரி தம் கடைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார். அது ஈரச் சுவர். எஸ்தர் இரண்டாம் மழைக்காலத்தைத் தாண்டவில்லை. உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று மாசிலாமணி நம்பியிருந்தார். ஆகவில்லை. கிருஷ்ணம்மாவை அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் விசாரித்தார். தகவல் கிடைக்கவில்லை.

ஆனாலும் ஞாயிறுதோறும் தோட்ட எல்லைக்கு வெளியே, பொதுவழி மதகடியில் போய் நின்றார். தோட்டத்திலிருந்து வந்தவர்களோடு ஜெபித்தார். சில வாரம் ஒருவரும் வரமாட்டார்கள். அன்றைக்கும் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத்தான் திரும்புவார்.

இங்கே குடியுரிமை கிடைக்கவே போவதில்லை என்று ஆனபின், கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்குப் போய்விட மனு எழுதிப் போட்டார். 1971இல் கப்பல் நாள் குறித்துக் கடிதம் வந்தது. புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு மதகடிக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். அடுத்த வாரம் வரமாட்டேன் என்று அவர்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.