ஒற்றைச் சூலகம்

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் வௌவால்களின் சூலகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதற்காக நான் எந்த வௌவாலையும் கொல்லவில்லை. யாரோ பல வருடங்களுக்கு முன் சூலகங்களை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி வைத்த கண்ணாடித் தகடுகள் துறை அலமாரியில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. நுண்ணோக்கியில் வைத்தால் எல்லாம் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகத் தெரியும். நடுவில் ஒரு முட்டை, அதைச் சுற்றி அடுக்கடுக்காக நெருங்கி நிற்கும் செல்கள்.

அப்போதுதான் என் இடது சூலகத்தில் பெரிய கட்டி வந்தது. சூலகத்தோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். வலது நன்றாக இருக்கிறது, பிள்ளை பெற அது போதும் என்றார் டாக்டர். அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"குடல்வால் ஆபரேஷன்னு சொல்லிக்கிடுவோம்" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்தாள்.

தையல் ஆறியதும் மறுபடி லேபுக்குப் போனேன். நான் எடுத்துக்கொண்ட வௌவால் இனத்துக்கு இரண்டு சூலகம் இருந்தாலும் வலதுதான் முட்டை விடும். இடதில் இருக்கும் முட்டைகள் வளராமல் நின்றுவிடும். வருடத்துக்கு ஒரு குட்டி, அவ்வளவுதான். புத்தகத்தில் ஏற்கெனவே படித்ததுதான். ஆனால் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் அந்த வலது சூலகத்தின் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் வன்னியம்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"வவ்வால்ல என்னத்தம்மா படிக்க?"

"பொட்ட வவ்வாலோட சூலகத்த, அத்த. கருமுட்டை உண்டாகுற எடம்."

அவர் முகம் சுளித்தது. "கல்யாணத்துக்குப் பொறவு அதெல்லாம் எதுக்கு? பிள்ளையப் பெத்தோமா, வளத்தோமான்னு இருக்கணும்."

அடுக்களை வாசலில் நின்ற அம்மா கண்ணைக் காட்டினாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"எனக்கு ஒரு சூலகந்தான் இருக்கு, அத்த. இன்னொன்ன ஆபரேஷன்ல எடுத்தாச்சு. பிள்ளைக்கு ஒன்னு போதும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. படிப்பையும் நான் விட மாட்டேன். சம்மதம்னா மேல பேசுங்க."

மாப்பிள்ளை தலை நிமிராமல் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொறவு சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்து போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

"ஏட்டி, ஒன்ன யாரு கேட்டா? இனி எவன் வருவான்?" என்று அம்மா அழுதாள்.

"வாரவன் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும். நான் என்ன களவாண்டேனா?"

அதன்பிறகு ரொம்ப நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். நானும் தினமும் பஸ் ஏறி லேபுக்குப் போய் வந்தேன். ஆராய்ச்சி முடிந்தது, பட்டமும் கிடைத்தது. இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன்.

போன வாரம் காலையில் கல்யாணத் தரகர் போன் செய்தார். அம்மாதான் எடுத்தாள்.

"பொண்ணுக்கு ஒரு சூலகத்த எடுத்திருக்கு. மொதல்லயே சொல்லிருங்க. வவ்வாலத்தான் படிச்சா, இனியும் படிப்பா."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ தெரியாது.

"கொறையா? எம் மவளுக்கு என்னய்யா கொறை?" என்று தெருவுக்கே கேட்கும்படி அம்மா சத்தம் போட்டாள்.