ஒடுடுவாவுக்குப் பெண் கொடுத்தது யார்? காப்பெல் முதல் ஹூஸ்டன் வரை ஒரு கல்யாணப் பயணம்

டல்லாஸ் பக்கம் இருந்து ஹூஸ்டனுக்குக் காரில் போவது பற்றியும், நைஜீரிய நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு எப்படிப் போவது என்றும் இரண்டு வாசகர்கள் தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் ஒரே பதில் என்னிடம் இருக்கிறது. 1999 அக்டோபரில் ஒரே பயணத்தில் இரண்டையும் செய்தோம்.

அப்போது நானும் என் மனைவி ஜைனபும் காயல்பட்டினத்திலிருந்து காப்பெலுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. Y2K வேலை. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுவிடும் என்று பயந்து, பழைய புரோகிராம்களைத் திருத்த எங்களைப் போன்றவர்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்த காலம். என் பக்கத்து க்யூபிக்கிள் எஃபோசா. நைஜீரியாவில் பெனின் நகரத்துக்காரன், எடோ இனம். ஹூஸ்டனில் நர்ஸாக இருந்த ஃபோலகே என்ற யோருபா இனப் பெண்ணைக் காதலித்து, கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. அவன் அப்பா அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று சொல்ல ஆர்லிங்டனில் பார்மசிஸ்டாக இருந்த ஒரே ஒரு மாமா, அங்கிள் ஒசாகி.

எஃபோசா முன்னாலேயே ஹூஸ்டன் போய்விட்டான். போகும்போது, "அங்கிளை நீதான் டிரைவ் பண்ணி கூட்டிட்டு வரணும். அவர் இல்லாட்டி எனக்காகப் பேச யாரும் இல்ல" என்றான். (அன்று பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். என் காதில் விழுந்த தொனியில் தமிழாக்கித் தருகிறேன்.)

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, அங்கிளை ஏற்றிக்கொண்டு இரண்டு மணிக்குக் கிளம்பினோம். காப்பெலிலிருந்து ஹூஸ்டன் ஏறத்தாழ 250 மைல். I-35E பிடித்து, டல்லாஸ் டவுன்டவுனைத் தாண்டி I-45 ஏறினால் அப்புறம் திரும்பவே வேண்டாம், நேர் ரோடு. பெட்ரோல் அப்போது காலன் ஒன்றேகால் டாலருக்கும் கீழே. எங்கள் பழைய கேம்ரிக்கு ஒரு டேங்க் தாராளம்.

அங்கிள் முன்சீட்டில், மடியில் ஒரு மரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே சிவப்புப் பவள மாலைகள். எடோ பெரியவர்கள் விசேஷத்துக்கு அதைப் போடாமல் போகமாட்டார்களாம். டிரங்கில் வைக்கலாமே என்றேன். என் ஸ்டியரிங்கையே டிரங்கில் வைக்கச் சொன்னது போலப் பார்த்தார்.

கோர்சிகானா தாண்டியதும் கதை ஆரம்பித்தது. யோருபா அரச குலங்கள் எல்லாம் ஒடுடுவா என்ற ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாகச் சொல்லும். அவர் இருந்த ஊர் இஃபே. ஃபோலகேயின் சொந்த ஊரும் அதுதான். "ஆனா அந்த ஒடுடுவா யாரு? எங்க பெனின் இளவரசர்" என்றார் அங்கிள்.

அவர் சொன்ன கதை இது. பெனின் மன்னருக்கு ஒரே மகன், எக்கலாதெரான். அரண்மனைச் சூழ்ச்சியால் அவனைக் கொல்லத் தீர்ப்பாகிறது. கொல்லப் போனவர்கள் மனம் இரங்கி விட்டுவிடுகிறார்கள். காட்டில் வருடக்கணக்காக அலைந்து இஃபே போய்ச் சேர்கிறான். அங்கே அவனை மன்னனாக்கி ஒடுடுவா என்று அழைக்கிறார்கள். பின்னால் பெனினில் அரசன் இல்லாமல் போனபோது தேடி வந்தவர்களோடு தன் மகன் ஒரன்மியானை அனுப்பிவைக்கிறான்.

"மகன் வந்தது உண்மைன்னு இஃபேக்காரங்களும் ஒத்துக்குவாங்க. அப்பா எங்கேர்ந்து போனார்ங்கிறதுலதான் சண்டை. சொல்லு, எது மூத்த வீடு?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க குடும்பத்துலயும் ஒரு கதை உண்டு அங்கிள். மூதாதை கெய்ரோவுலேர்ந்து கப்பல்ல வந்தவர்" என்றேன். பின்சீட்டிலிருந்து ஜைனபின் சிரிப்பு கேட்டது. "ஆரம்பிச்சிட்டாங்க மச்சான்" என்று தமிழில் சொன்னாள்.

பாதி வழியில், பஃபலோ என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். காபி குடிக்கவும் கால் நீட்டவும் சரியான இடம். புல்லில் துண்டை விரித்து நான் அஸர் தொழுது முடிக்கும்வரை அங்கிள் பெட்டியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், காவலுக்கு நிற்பவர் மாதிரி. ஹண்ட்ஸ்வில் வந்ததும் மரங்களுக்கு மேலே ஒரு பிரம்மாண்ட வெள்ளைச் சிலை திடீரென்று எழும். குழந்தைகள் காரில் இருந்தால் முன்னாலேயே சொல்லிவையுங்கள், பயந்துவிடுவார்கள்.

ஏழு மணிக்கு ஹூஸ்டனின் தென்மேற்கில் ஃபோலகேயின் வீடு. அவள் அப்பா இஃபேயில் பள்ளி ஹெட்மாஸ்டராக இருந்தவர், மகள் கல்யாணத்துக்காக வந்திருந்தார். ஜொலோஃப் ரைஸ் என்ற தக்காளிச் சோறு நம் குஸ்காவுக்கு அண்ணன் முறை. உருண்டையாக வரும் இடித்த வள்ளிக்கிழங்கைக் குழம்பில் தொட்டு மெல்லாமல் விழுங்க வேண்டும். ஜைனபுக்கு உடனே வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. இறைச்சியெல்லாம் ஹலால். ஆப்பிரிக்க மளிகைக்கடை வைத்திருந்த குடும்ப நண்பர் ஒருவர் எங்களுக்காகவே கொண்டு வந்திருந்தார். இலோரின் ஊர்க்காரர், யோருபா முஸ்லிம். ஹஜ் போய் வந்தவர் என்பதால் எல்லோரும் அல்ஹாஜி என்றார்கள்.

சாப்பாட்டுக்கு நடுவில் அங்கிள் தன் இளவரசர் கதையை எடுத்தார். ஹெட்மாஸ்டர் கை கழுவிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"ஒடுடுவா எந்த ஊரிலிருந்தும் வரவில்லை. ஆதியில் எல்லாம் தண்ணீர். அவர் வானத்திலிருந்து சங்கிலி பிடித்து இறங்கினார். கையில் கொஞ்சம் மண், ஒரு சேவல். மண்ணைத் தண்ணீரில் கொட்டினார், சேவல் அதைக் கிளறிப் பரப்பியது. அதுதான் நிலம். அது நடந்த இடம் இஃபே."

அல்ஹாஜி இல்லை என்று தலையாட்டினார். "வானத்துலேர்ந்து இல்ல சார், கிழக்கேர்ந்து. மக்காவுலேர்ந்து. எங்க பெரியவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

"உங்க பெரியவங்க ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்த பிறகு சொன்னது" என்றார் ஹெட்மாஸ்டர்.

சிரிப்போடு போயிருக்க வேண்டியது அங்கே திரும்பிவிட்டது. யோருபா முறையில், பெண் கேட்கும் சடங்கில் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் பெண் வீட்டார் முன் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். முதலில் குடும்பத்தார், பிறகு மாப்பிள்ளையும் நண்பர்களும். ஹெட்மாஸ்டர் விளையாட்டாகத்தான் சொன்னார், "நாளைக்கு காலைல இளவரசர் வீட்டார் எங்க தரையைக் கிட்டத்துலேர்ந்து பார்ப்பாங்க."

அங்கிள் தட்டைத் தள்ளினார். "மூத்த வீடு இளைய வீட்டுக்கு முன்னால விழாது."

ஃபோலகே சமையலறையிலிருந்து வந்தாள். "அங்கிள், நீங்க சொல்றது சரின்னா ரெண்டு வீடும் ஒரே ரத்தம். அப்போ எஃபோசா எனக்கு அண்ணன். கல்யாணத்தை நிறுத்திடலாமா?"

"எங்க ஊர்ல மாமன் மகளைத்தான் முதல்ல கேப்பாங்க" என்று நான் உதவப்போனேன். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி கிழங்கு உருண்டைக்குத் திரும்பிவிட்டேன். அங்கிள் எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். எஃபோசா என்னோடு வாசல்வரை வந்தான். "அவர் வராட்டி எனக்கு யாரும் இல்லாத மாதிரி ஆயிடும். அப்பா இல்லாத பிள்ளை மாதிரி நிக்கணும்" என்றான்.

மறுநாள் பத்து மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. பதினொன்றரைக்குத்தான் ஹாலில் கூட்டம் சேர்ந்தது. சடங்கை நடத்த ஒரு அம்மா வருவார், அலகா என்று பெயர். மைக் பிடித்துப் பாடுவார், கேலி பேசுவார், தாமதமாக வந்தவர்களுக்கு அபராதம் போடுவார். அவர் உள்ளே "மாப்பிள்ளை வீட்டார் எங்கே, டல்லாஸிலிருந்து நடந்து வருகிறார்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டாரான அங்கிள் வெளியே என் காரில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். எஃபோசா கெஞ்சினான். நானும் கெஞ்சினேன். நடக்கவில்லை.

ஜைனப் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறிக்கொண்டாள். அவள் ஆங்கிலம் அப்போது கொஞ்சம்தான், தட்டுத்தடுமாறித்தான் கேட்டாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கட்டா? ஒடுடுவாவோட மனைவி யாரு?"

அவர் திரும்பினார். "ஓலோகுன்ங்கிற பேர் சொல்லுவாங்க. பணக்காரப் பெண். பாசிமணி செய்யுற குடும்பம்னும் சொல்றது உண்டு."

"அவங்க பெனினா?"

"இல்ல. இஃபே ஊர்ப் பெண். அவர் வர்றதுக்கு முன்னாலேயே அங்க ஜனங்க இருந்தாங்க."

"இவங்களும் எப்பப் பார்த்தாலும் கெய்ரோ கெய்ரோன்னு சொல்லுவாங்க" என்று என்னைக் கைகாட்டினாள். "நான் கேப்பேன். கப்பல்ல வந்தது ஆம்பளைங்கதானே. அவங்களுக்குப் பொண்ணு குடுத்தது யாரு? எங்க ஊர்க்காரங்க. உங்க இளவரசரும் காட்டுலேர்ந்து தனியாத்தான் வந்தார். கூட அப்பா இல்ல, அம்மா இல்ல. எஃபோசா மாதிரி. அப்படி நின்னவருக்கு ஒருத்தர் மகளைக் கொடுத்திருக்கார். அந்த மாமனார் முன்னால இவர் விழாமலா இருந்திருப்பார்?"

அங்கிள் கண்ணாடி வழியாக ஹால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எஃபோசா புது உடையில், வரும் விருந்தினர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றிருந்தான். சற்றுப் பொறுத்து அங்கிள் பெட்டியைத் திறந்தார். "இந்தக் கொக்கி என் கைக்கு வராது. கொஞ்சம் மாட்டிவிடுமா" என்றார். ஜைனப் மாட்டிவிட்டாள்.

ஹாலில் நடந்ததை இன்றும் அப்படியே சொல்வேன். அறுபது தாண்டியவர், பவளமும் வெள்ளை வேட்டியுமாக நடு ஹாலுக்குப் போனார். முழங்கால் ஊன்றி, கை ஊன்றி, முழு உடம்பும் தரையில் படும்படி விழுந்தார். படுத்தபடியே அலகாவிடம் கை நீட்டி மைக்கை வாங்கினார்.

"எங்கள் இளவரசர் உங்கள் ஊரில் பெண் கேட்ட நாளில் எப்படி விழுந்தாரோ, அப்படி விழுகிறேன்."

ஒரு நொடி யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஹெட்மாஸ்டர்தான் முதலில் சிரித்தார். இறங்கி வந்து தோளைப் பிடித்து அவரைத் தூக்கினார். "பெண் எங்கள் ஊர்தான் என்று ஒப்புக்கொண்டீர்களே, அது போதும்" என்றார். அல்ஹாஜி பின்னாலிருந்து, "மக்காவுலேர்ந்து நடந்து வந்த களைப்புல எப்படியும் படுத்திருப்பார்" என்றார். பிறகு மேளம் ஆரம்பித்தது, வேறெதுவும் கேட்கவில்லை.

அடுத்து மாப்பிள்ளையோடு நண்பர்கள் விழும் முறை. எனக்கு உள்ளூரக் கலக்கம். தொழுகையில் இறைவன் முன் நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவை மனிதர் முன் செய்வது எனக்கு ஆகாது. அல்ஹாஜி அதைப் புரிந்துகொண்டு பக்கத்தில் வந்தார். "நான் செய்யறதைப் பாரு. குனிஞ்சு விரலைத் தரையில வை. மரியாதை போய்ச் சேர்ந்துடும்" என்றார். அப்படியே செய்தேன். யாரும் குறை சொல்லவில்லை. எஃபோசாவின் மற்ற நண்பர்கள் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் இன்னும் படுத்திருந்தான். எழச் சொல்லும்வரை எழக்கூடாதாம். அழுதுகொண்டிருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

ஞாயிறு காலை அங்கிளை அழைத்துப்போக ஹெட்மாஸ்டர் இருந்த வீட்டுக்குப் போனோம். இருவரும் வறுத்த வாழைப்பழத்தைத் தின்றபடி ஒரன்மியான் விஷயத்தில் நாடு கடந்து நாடு வந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில்தான் கிளம்ப முடிந்தது.

பிறகு காப்பெல் நூலகத்தில் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். மக்கா கதை, இஸ்லாம் அந்தப் பக்கம் போன பிறகு சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள். வானத்துச் சங்கிலி, வெளியிலிருந்து வந்த ஒரு கூட்டம் ஆட்சியைப் பிடித்ததன் நினைவாக இருக்கலாம் என்றும் ஒரு கருத்து. பெனினும் இஃபேயும் இன்னும் ஒத்துப்போகவில்லை. யார் சரி என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஆனால் காலிங் கார்டு வாங்கி வாப்பாவுக்குப் போன் போட்டேன். கெய்ரோக்காரரின் மனைவி பெயர் என்ன என்று கேட்டேன். அவர் பெயரையும், அவர் மகன் பேரன் பெயர்களையும் வாப்பா கடகடவென்று சொன்னார். மனைவி பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டார். "அதெல்லாம் யாரும் எழுதி வைக்கல" என்றார். உம்மா போனை வாங்கினார். எங்கள் ஊரில் வீடு மகளுக்குத்தான் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். உம்மா சொன்னது இவ்வளவுதான்: "பேரு தெரியாட்டி என்ன. அவ வீட்டுலதானே இருக்கோம்."

இனி போகிறவர்களுக்கு. டல்லாஸிலிருந்து வெள்ளி மதியமே கிளம்பிவிடுங்கள், மாலை டிராஃபிக்கில் மாட்டினால் டவுன்டவுனைத் தாண்டவே ஒரு மணி நேரம். ஹூஸ்டனில் 59 ஃப்ரீவே ஓரம் நாங்கள் தங்கிய மோட்டல் ஒரு நாளைக்கு 45 டாலர், சுத்தமாக இருந்தது. குடும்பத்தார் எல்லோரும் ஒரே துணியில் தைத்துப்போடுவார்கள், உங்களுக்கும் துணி தந்தால் மறுக்காதீர்கள். ஆடுபவர்கள் நெற்றியில் நோட்டு ஒட்டுவது வழக்கம், ஒரு டாலர் நோட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை பக்கம் என்றால் வெளிர்நிற பேன்ட் வேண்டாம். எங்கிருந்து வந்தீர்கள் என்று யாரையாவது கேட்பதாக இருந்தால், திங்கட்கிழமைக்கும் லீவு போட்டுவிட்டுக் கேளுங்கள்.