பாட்டுக்காரன் ஜோயல் படம் முடித்த கதை

செங்கல்பட்டில் எங்கள் பழைய கல்லூரிக்காரர்கள் ஜோயலுக்குப் பாராட்டு விழா நடத்துகிறார்களாம். விழா மலருக்கு அவனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கூடவே இருந்தவர் நீங்கள்தானே தேவேந்திரன் சார், சுவையாக நாலு சம்பவம் போடுங்கள் என்றார் செயலாளர். கூடவே இருந்தேன், உண்மைதான். இருபது வருஷம் இருந்து தொலைத்தேன். அதனால் எழுதுகிறேன். போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் கிழித்துப் போடட்டும்.

ஜோயலின் அப்பா சாலமோன் ரயில்வேயில் கேங்மேன். தாத்தா காலம்வரை அடுத்தவன் வயலில் கூலி வேலை. மகனை எப்படியாவது பேங்க்கில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று சாலமோன் தவியாய்த் தவித்தார். மகன் கிறிஸ்துமஸ் கேரலுக்குக் கிதாரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், கேக் தின்று, பாட்டுக்காரனாகிவிட்டான். குரல் அப்படி. அதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

கல்லூரியில் நான் கீபோர்டு, அரசு டிரம்ஸ். அரசு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரன், அவன் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மூன்று பேரும் சேர்ந்து 'பக்கிங்காம் பாய்ஸ்' என்று குழு ஆரம்பித்தோம். கூடுவாஞ்சேரி மண்டபங்களில் ரிசப்ஷன் கச்சேரி, முட்டுக்காடு பக்கம் ரிசார்ட்டுகளில் சனி ஞாயிறு பாட்டு. பிராக்டீஸ் எல்லாம் அரசு வீட்டில்தான். எவ்வளவு சத்தம் போட்டாலும் அந்த ஊரில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அரசுவின் மனைவி பரிமளா எங்கள் மூவருக்கும் ஒரே சட்டியில் மீன் குழம்பு வைப்பாள். ஜோயலுக்கு மட்டும் தலைத்துண்டு.

பிறகுதான் அந்த 'ஒன்பதே முக்கால் வண்டி' வந்தது. எலக்ட்ரிக் டிரெயினைத் தவறவிட்ட பெண்ணைப் பற்றிய பாட்டு. செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது அரசு காலி மீன் டப்பாவில் தட்டிய தாளம் அது. ஆறு மாதம் எல்லார் போனிலும் அதுதான் ஓடியது. வீடியோ முழுக்க ஜோயல். என்னைத் தேடிப் பார்த்தால் ஒரு முழங்கை கிடைக்கும். அரசுவுக்கு அதுவும் இல்லை. அவன் சிரித்துக்கொண்டே, தாளம் கேக்குதில்ல, அது போதும் என்றான். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அடுத்து விட்ட மூன்று பாட்டும் ஊத்திக்கொண்டன. நகைக்கடை விளம்பரத்துக்குப் பாடினான். ஒரே மெட்டில் இரண்டு கட்சிக்குத் தேர்தல் பாட்டுப் போட்டுக் கொடுத்தான், இரண்டு கட்சியும் மாலை போட்டது. டி.வி.யில் குழந்தைகள் பாட, நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து கண் கலங்கினான். அப்புறம் ஒருநாள், பாடறவன் மறந்து போவான் தேவா, படம் எடுக்கிறவன் நிப்பான் என்று ஆரம்பித்தான். ஒரு வெப் சீரிஸ் எடுத்தான், பரவாயில்லாமல் ஓடியது. பிறகு இரண்டு படம். இரண்டும் ஹீரோ கால்ஷீட் சிக்கி பாதியில் நின்றன. கோடம்பாக்கத்தில் அவனுக்கு 'அரைப்பட ஜோயல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். மூன்றாவதும் நின்றால் ஒரு துணை நடிகன்கூட இனி அவன் போனை எடுக்க மாட்டான்.

அந்த மூன்றாவது படம்தான் மீனவன் கதை. நான் புரொடக்‌ஷன் மேனேஜர். அரசு அப்போது கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, கட்டிலோடு கிடந்தான். படுத்த இடத்திலிருந்தே போன் போட்டு எங்களுக்குப் பன்னிரண்டு படகு பேசி வைத்தான். கடைசிப் பாட்டைத் தன் ஊரில்தான் எடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. 'ஒன்பதே முக்கால் வண்டி'யையே புதிதாக மாற்றி, படகுகளில் ஊர்ஜனம் ஆட, நடுவில் ஹீரோ நிற்கிற பாட்டு. அன்று ஒரே நாள்தான் கால்ஷீட். சாயங்காலம் ஹீரோ வெளிநாட்டுக்குப் பறந்துவிடுவார், வேறு படத்துக்குத் தாடியை எடுத்துவிடுவார்.

காலை ஆறரைக்கு, லொகேஷனுக்குப் போகும் வழியில், அரசுவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நானும் ஜோயலும் நுழைந்தோம். பரிமளா கஞ்சி டம்ளரோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எழுப்பினாள், எழவில்லை. நான் தொட்டுப் பார்த்தேன். உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

அந்தக் குப்பத்தின் வழக்கம் எங்களுக்கு நன்றாகவே தெரியும். ஊரில் ஒரு சாவு என்றால், அடக்கம் முடியும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது, பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. ஊர்த் தலைவர் செங்கல்வராயனுக்குச் சேதி போன நிமிஷத்திலிருந்து அது நடப்புக்கு வரும். வெளியூர்த் தயாரிப்பாளனாக இருந்திருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். ஜோயல் அந்த வீட்டில் பதினைந்து வருஷம் சோறு தின்றவன். சேதி போகாதவரை சாவு இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

பரிமளா வாயைத் திறந்தாள். ஜோயல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பரிமளா, பதினோரு மணி வரிக்கும். அது வரிக்கும் அழுவாதம்மா. அரசு ஆசப்பட்ட பாட்டு இது, அவனுக்காவ."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் செல்போனை எடுத்து மணி பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். ஜோயல் கதவைச் சாத்தினான். வெளியே வந்ததும் அவன் அழுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிஷம் அழுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஹீரோவுக்கு போன் செய்தான்.

ஹீரோ ஒன்பதரைக்கு வந்தார். அலை பார்த்து பயந்தார். அவரைப் படகில் ஏற்றவே பத்தரை ஆனது. ஸ்பீக்கர் பாக்ஸில் பாட்டுப் போட்டதும் குப்பமே கரைக்கு வந்துவிட்டது. அரசு வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அரசுவின் தம்பி விஷால் முதல் படகில், நாங்கள் கொடுத்த மஞ்சள் சட்டையில், எல்லாரையும்விட நன்றாக ஆடினான். டேக்குக்கு டேக்கு சிரித்துக்கொண்டே கரையைப் பார்த்துக் கத்துவான், அண்ணனுக்குக் கேட்கட்டும், இன்னும் சத்தமாக வை என்று. சவுண்டுக்காரன் என் முகத்தைப் பார்த்தான். வை என்றேன். சீ, என்ன பிழைப்பு.

பதினொன்று ஆயிற்று. ஜோயல் இன்னும் ஒரு குளோசப் என்றான். பன்னிரண்டரைக்கு இன்னும் ஒரு குளோசப் என்றான். இரண்டு மணிக்குத்தான் பேக்கப். யூனிட்டே கைதட்டியது. படம் முடிந்துவிட்டது, முழுப்படம். ஜோயல் ஹீரோவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லி அவரோடு காரில் ஏறிக்கொண்டான். ஏறும்போது, நீ போய்ச் சொல்லிடு மச்சான் என்றான்.

நான் போனேன். பரிமளா அதே சுவரோரம் இருந்தாள். அரசுவின் தாடையைத் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டியிருந்தாள். யாருடைய உதவியும் இல்லாமல் தனியாகக் கட்டியிருக்கிறாள். இப்போது அழலாம் என்று ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டாரிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

ஊர் ஓடி வந்தது. எல்லாருக்கும் முன்னால் விஷால் வந்தான், மஞ்சள் சட்டையும் முகத்தில் மேக்கப்புமாக. அண்ணன் காலைத் தொட்டான். உடம்பு விறைத்திருந்தது. மீன் தொட்ட கைக்கு அந்தக் கணக்கு தெரியாதா?

"எப்ப அண்ணி?"

"காலீலயே. நீ ஆட்றதுக்கு முன்னாடியே. பாட்டு முடியற வரிக்கும் அழுவக் கூடாதுன்னு அவுங்க கேட்டுகினாங்க."

செங்கல்வராயன் என்னைப் பார்த்தார். கூட்டம் என்னைப் பார்த்தது. அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விஷால் அண்ணன் காலை விட்டு எழுந்து, அந்தச் சட்டையைப் பித்தான் பித்தானாக, நிதானமாகக் கழற்றினான். மடித்து என்னிடம் நீட்டினான்.

"உங்க கம்பெனிதுண்ணா. அழுவறப்ப அழுக்காயிடும், எட்த்துகினு போ."

நான் வாங்கிக்கொண்டேன்.